விளம்பரத்துக்கு வராத வேலை: பாபநாசம் வட்டத்து வேதியியல் பட்டதாரி ஒருவரின் தேடல்

2022-ஆம் ஆண்டு தீபாவளிக்கு ஊருக்கு வந்த அந்தப் பெண் திருப்பூருக்குத் திரும்பிச் செல்லவில்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தார். தம்பி பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தான். சாயப்பட்டறைகளின் கழிவுநீரை ஒன்றாகச் சேர்த்துச் சுத்திகரிக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் ஆய்வகத்தில் மூன்றாண்டுகள் வேலை பார்த்து, மாதம் 16,000 ரூபாய் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த வேதியியல் பட்டதாரி அவர். தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் வட்டத்திலுள்ள தம் சிற்றூரிலிருந்து அன்றாடம் போய்வரும் தொலைவில், படிப்புக்கும் பட்டறிவுக்கும் பொருந்திய ஒரு வேலை வேண்டும் என்பதே அவருடைய தேவை. எட்டு மாதம் தேடியும் அது கிடைக்கவில்லை. பிறகு, திட்டமிட்டுத் தேடத் தொடங்கிய நான்கரை மாதத்துக்குள் கிடைத்தது. கிடைத்த வேலை எந்த நாளிதழிலும், எந்தச் செயலியிலும், எந்த அறிவிப்புப் பலகையிலும் வந்ததே இல்லை.

கும்பகோணத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நான், பழைய மாணவர் ஒருவர் வழியாக அவரை அறிந்தேன். அவர் எழுதி வைத்த குறிப்பேட்டையும், நான் அவ்வப்போது எழுதிய நாட்குறிப்பையும், பின்னாளில் அவரோடும் ஓர் ஆலையின் கணக்கப்பிள்ளையோடும் பேசியதையும் கொண்டு இந்த ஆய்வை எழுதுகிறேன். அவருடைய இசைவு உண்டு. ஊர், ஆலை, ஆள் எதன் பெயரையும் குறிப்பிடவில்லை.

விளம்பரங்களின் பின்னால் போன காலம்

அந்த எட்டு மாதமும் அவர் சும்மா இருந்துவிடவில்லை. நாளிதழ்களின் வரி விளம்பரங்கள், கைப்பேசிச் செயலிகள், வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும் அறிவிப்புகள், மாவட்ட நிர்வாகம் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்கள் என எதையும் விடவில்லை; வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவையும் புதுப்பித்து வைத்திருந்தார். 'வேதியியல்' என்று தேடினால் ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், புதுச்சேரி என்று வந்தது. 'கும்பகோணம்', 'தஞ்சாவூர்' என்று தேடினால் ஜவுளிக்கடை விற்பனை, நிதி நிறுவன வசூல், தனியார் பள்ளி ஆசிரியர் பணி என்று வந்தது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்றுமே இல்லை. ஆகவே, தம் படிப்புக்கு இந்தப் பக்கத்தில் வேலையே கிடையாது என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். விளம்பரம் இல்லை என்பதை வேலை இல்லை என்று படித்துக்கொண்டதுதான் அந்த முடிவின் பிழை. ஆனால் அப்போது எனக்கும் அது தெளிவாகத் தெரியவில்லை.

நான் செய்த தவற்றையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். 2023 பிப்ரவரியில் முதன்முதலாக அவர் என்னிடம் வந்தபோது, "சுத்துவட்டாரத்துல இருக்கற மில்லு, கம்பெனி எல்லாத்துக்கும் நேர்லயே போயி விண்ணப்பத்தக் குடுத்துட்டு வாம்மா" என்று சொல்லி அனுப்பினேன். சம்பா அறுவடை உச்சத்தில் இருந்த நேரம் அது. கொள்முதல் நிலையங்களில் நெல் மூட்டைகள் அடுக்கிக் கிடக்க, ஆலை வாசல்களில் லாரிகள் வரிசை கட்டி நிற்க, முதலாளியும் கணக்கப்பிள்ளையும் இரவு பகல் பாராமல் எடை மேடையருகே நின்றுகொண்டிருந்த நாள்களில், ஆங்கிலத்தில் அச்சிட்ட இரண்டு பக்க விண்ணப்பத்தோடு அந்தப் பெண் பதினோரு வாசல்களில் போய் நின்றார். ஒன்பது இடங்களில் காவலாளியே தாளை வாங்கிக்கொண்டார். ஓரிடத்தில், "அறுப்பு முடியட்டும்மா, அப்பறம் பாக்கலாம்" என்றார்கள். காலமும் தவறு, தாளும் தவறு, கேட்ட கேள்வியும் தவறு. மூன்றுக்கும் பொறுப்பு நான்.

வேலை ஏன் அறிவிப்பாக மாறுவதில்லை

உலகத்து வேலைகளில் இத்தனை விழுக்காடு அறிவிக்கப்படாமலே நிரப்பப்படுகிறது என்று ஒரே எண்ணைச் சொல்லும் பழக்கம் வழிகாட்டிப் பேச்சாளர்களிடம் உண்டு. நான் அந்த எண்ணைப் பயன்படுத்துவதில்லை. ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் மாறும் ஒன்றுக்கு ஒற்றை விழுக்காடு இருக்க முடியாது. காவிரிப் படுகையில் இது எப்படி நடக்கிறது என்பதைப் பார்ப்பதே பயனுள்ளது.

இங்குள்ள தொழிலிடங்களில் பெரும்பாலானவை சிறியவை. புழுங்கல் அரிசி ஆலை, எண்ணெய்ச் செக்கு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னைநார்க் கூடம், திருபுவனத்துப் பட்டு நூல் சாயப்பட்டறை, நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறை, கடலோரத்தில் மீனும் இறாலும் பதனிடும் கூடம் என்று வரிசைப்படுத்தினால், ஆள் எடுப்பதற்கென்று தனிப் பிரிவோ அதிகாரியோ உள்ள இடம் அபூர்வம். காலிப் பணியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குக் கட்டாயமாகத் தெரிவிக்கச் சொல்லும் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தத் தேடல் நடந்த காலத்தில் நடைமுறையில் இருந்தது. ஆனால் தனியார் துறையில் 25 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே அது பொருந்தியது, மூன்று மாதத்துக்கும் குறைந்த பணிகளை விட்டுவிட்டது, தெரிவித்த நிறுவனமும் அலுவலகம் அனுப்பும் ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. பதினெட்டுப் பேர் வேலை பார்க்கும் ஓர் ஆலை யாருக்கும் எதையும் தெரிவிக்கத் தேவையில்லாமல் இருந்தது அதனால்தான்.

நம்பிக்கை இன்னொரு காரணம். நெல் இருப்பும் பணப்புழக்கமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இடத்துக்கு முகம் தெரியாத ஆளை எடுக்க முதலாளிகள் தயங்குவார்கள். இருக்கும் ஆளை மாற்ற நினைக்கும்போது அது வெளியே தெரியக்கூடாது என்றும் விரும்புவார்கள்.

ஆனால் இந்த நிகழ்வில் முதன்மையான காரணம் இவற்றில் எதுவும் இல்லை. அந்த வேலை, வேலை என்ற வடிவத்துக்கே வந்திருக்கவில்லை. ஆலைக்காரரிடம் ஒரு தொல்லை இருந்தது. அதைத் தீர்க்க ஓர் ஆளை வைக்கலாம், அப்படிப்பட்ட படிப்புப் படித்தவர்கள் பக்கத்து ஊரிலேயே இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. பெயர் வைக்காத பதவிக்கு எப்படி விளம்பரம் கொடுப்பது?

குறிப்பேடு

2023 ஜூன் 12 அன்று, வழக்கமான நாளில், மேட்டூர் அணை திறக்கப்பட்டது. அந்த வாரத்தில்தான் நாங்கள் மறுபடி உட்கார்ந்து பேசினோம். 'எனக்கு என்ன வேலை கிடைக்கும்' என்ற கேள்வியை ஒதுக்கி வைத்துவிட்டு, 'எந்தத் தொல்லையைத் தீர்க்க எனக்குத் தெரியும், அந்தத் தொல்லை இந்தப் பக்கத்தில் யாருக்கு இருக்கிறது' என்று அவரை எழுதச் சொன்னேன்.

முதல் பாதிக்கு விடை எளிதாக வந்தது. சாயக் கழிவுநீரால் நொய்யல் கெட்டுப்போன வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரை வெளியே விடாமல் மீட்டெடுப்பது அந்த ஊருக்கு உயிர்ப் பிரச்சினை ஆயிற்று. அங்கே மூன்றாண்டு ஆய்வகத்தில் நின்றவருக்குக் கழிவுநீரின் அமில காரத் தன்மை, கரைந்த உப்பு, உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜனின் அளவு) ஆகியவற்றை அளப்பதும், அன்றன்று பதிவேட்டில் ஏற்றுவதும், அளவு மீறினால் எந்தத் தொட்டியில் கோளாறு என்று கண்டுபிடிப்பதும் கைப்பழக்கம்.

இரண்டாம் பாதிக்கு அவரே மூன்று நாள் யோசித்துவிட்டு வந்தார். இங்கே சாயப்பட்டறை குறைவு, புழுங்கல் ஆலைகள் நிறைய. நெல்லைப் புழுக்குவதற்கு முன் ஊறவைக்க வேண்டும். ஒரு டன் நெல்லுக்கு ஆயிரம் லிட்டருக்கும் மேல் தண்ணீர் செலவாகும். பச்சைத் தண்ணீரில் ஒன்றரை நாள் ஊறப்போட்டால் மாவுச்சத்தும் சர்க்கரையும் தண்ணீரில் கசிந்து, புளித்து, நாற்றமெடுக்கும். அந்த நீர் வாய்க்காலில் போய்ச் சேர்ந்தால் பக்கத்து வயல்காரர் கேட்பார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் கேட்கும். 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்படி வாங்கிய இசைவாணையை அவ்வப்போது புதுப்பித்தாக வேண்டும். "சார், திருப்பூர்ல கலர் தண்ணி, இங்க ஊறத்தண்ணி. டெஸ்ட்டு ரெண்டுக்கும் ஒண்ணுதான்" என்று அவர் சொன்னபோது, இதைப் பிப்ரவரியில் நான் கேட்டிருக்க வேண்டும் என்று பட்டது.

பிறகு ஒரு நீள நோட்டு வாங்கிக் கட்டம் போட்டார். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் இடம். அங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, முடிவெடுப்பவர் யார், அவரிடம் பேசக்கூடியவர் யார், அவரை அறிந்தவர் எனக்குத் தெரிந்தவர்களில் யார், அந்த இடத்துக்கு ஓய்வான மாதம் எது என்று தலைப்புகள். எல்லையை வகுத்தது பேருந்து. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், ஊரிலிருந்து அப்படிப்பட்ட பேருந்தில் ஏறி, மாறுவதென்றால் ஒரே ஒரு முறை மாறிப் போய்ச்சேரக்கூடிய இடங்களை மட்டும் முதலில் எழுதினார். சம்பளம் உறுதியாவதற்கு முன் பல மாதம் அலைய வேண்டியிருக்கும் ஒருவருக்கு இது சிறிய கணக்கு இல்லை. கும்பகோணம், அம்மாபேட்டை, வலங்கைமான், நீடாமங்கலம் என்று வளைந்து வளைந்து 38 பக்கம் நிறைந்தது.

எந்தப் பக்கத்தை முதலில் எடுப்பது என்பதற்கு அறிகுறிகளைத் தேடினோம். ஆலையில் புதிய கொதிகலன் இறங்குகிறது என்றால் உற்பத்தி கூடப்போகிறது, தண்ணீரும் கூடும். நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு, அதாவது அரசின் நெல்லை அரைத்துக் கொடுக்கும் அரவை முகவராகச் சேர்ந்திருக்கிறார் என்றால் தரக் கட்டுப்பாட்டுத் தொல்லை வரப்போகிறது. மாவட்டத் தொழில் மையத்தில் மானியக் கடனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றால் விரிவாக்கம் அருகில் இருக்கிறது. குறு உணவுத் தொழில்களுக்கான ஒன்றிய அரசுத் திட்டத்தில் அப்போது 35 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் இருந்தது. இத்தகைய செய்திகள் முதலாளிகளின் வாயிலிருந்து வருவதற்கு முன்பே தணிக்கையாளர் அலுவலகத்து எழுத்தருக்கும், கொதிகலன் பழுது பார்ப்பவருக்கும், ஆய்வகக் கண்ணாடிச் சாமான் விற்பவருக்கும் தெரிந்துவிடும். ஓர் ஊரில் எது நடக்கப்போகிறது என்பதை அறிய இவர்களைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

யாரைக் கேட்பது

'தெரிந்தவர்கள் மூலம் முயற்சி செய்' என்று அறிவுரை சொல்வது எளிது. தெரிந்தவர்கள் யார் என்பதில்தான் சிக்கல். வாய்வழியாகப் பரவும் வேலை இந்தப் பகுதியில் தெரு வழியாகவும் உறவு வழியாகவும் சாதி வழியாகவும்தான் பரவுகிறது. அது ஆலைக்காரரின் தெருவிலிருந்து கிளம்பி விவசாயக் கூலிகளின் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் இடம் நிரம்பிவிடும். குடும்பத்தில் முதல் பட்டதாரியான அந்தப் பெண்ணுக்கு ஆலை முதலாளிகளில் ஒருவரைக்கூடத் தெரியாது. மறைந்திருக்கும் வாய்ப்புகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த அநீதியைப் பேசாமல் கடப்பது எனக்கு உடன்பாடில்லை. எழுத்துத் தேர்வும் பொது அறிவிப்பும் உள்ள வேலைகள் இவரைப் போன்றவர்களுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இங்கே விளங்கும்.

இருந்தாலும், கிடைக்கும் வழியில் நடந்தாக வேண்டும். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் நியூட்டன் நகரில், பணி மாறிய தொழில்நுட்ப, நிர்வாகப் பணியாளர்களை ஆராய்ந்து 1973-இல் வெளியிட்ட கட்டுரையில், அறிமுகங்கள் வழியாக வேலை பெற்றவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவரே அந்த அறிமுகத்தை அடிக்கடி சந்திப்பவராக இருந்தார் என்று காட்டினார். மற்றவர்களுக்குத் தகவல் வந்தது எப்போதாவது பார்ப்பவரிடமிருந்து. நெருங்கியவர்களுக்கு நாம் அறிந்ததே தெரியும், எட்ட இருப்பவர் வேறொரு வட்டத்தின் செய்தியைக் கொண்டுவருவார் என்பது அவர் சொன்ன விளக்கம். லிங்க்ட்இன் என்ற தொழில்தொடர்பு வலைத்தளத்தின் பயனாளர்கள் சுமார் இரண்டு கோடிப் பேரைக் கொண்டு ஐந்தாண்டுகள் நடந்து, 2022-இல் வெளியான சோதனைகளின் முடிவும் ஏறத்தாழ அதையே உறுதி செய்தது. முற்றிலும் அயலாரைவிட, ஓரளவு எட்ட இருப்பவர்களே மிகவும் பயன்பட்டார்கள் என்ற திருத்தத்தோடு.

இந்தப் பெண்ணுக்கு அப்படி எட்ட இருந்தவர் அவருடைய அத்தை மகன். உறவுதான், ஆனால் இரண்டாண்டாகப் பார்க்கவில்லை. நீடாமங்கலம் பக்கம் ஆலைகளில் மூட்டை தூக்குகிறார். ஜூலை மாதம் ஒரு வளைகாப்பில் சந்தித்தபோது, எந்த ஆலையில் தண்ணீர்த் தொல்லை இருக்கிறது என்று இவர் நேராகக் கேட்டார். "எங்க மில்லுலயே நாறுது புள்ள. பக்கத்து வயக்காரரு ரெண்டு தடவ வந்து சத்தம் போட்டுட்டுப் போனாரு. மொதலாளி கணக்கப்பிள்ளையப் புடிச்சித் திட்டுறாரு. அவருக்கு என்ன தெரியும் பாவம்" என்றார் அவர். அந்த வட்டாரத்துத் தணிக்கையாளருக்கோ, வங்கி மேலாளருக்கோ, மற்ற ஆலை முதலாளிகளுக்கோ தெரியாத செய்தி இது. ஒரு தொழிலிடத்தின் குறை முதலில் தெரிவது களத்தில் நிற்பவருக்குத்தான். முதலாளிகளைத் தெரியாது என்று அந்தப் பெண் வருந்திக்கொண்டிருந்தார். மூட்டை தூக்குபவரைத் தெரியும் என்பதைக் கணக்கில் சேர்க்க அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இந்த ஒரு பாடத்துக்காகவே இதை எழுதத் துணிந்தேன்.

ஆலை வாசல்

ஆடிப்பெருக்கு முடிந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தோம். முந்தைய ஆண்டிலிருந்து நெல் கொள்முதல் பருவம் செப்டம்பர் 1 அன்றே தொடங்கிவிடுவதால், குறுவை நெல் வருவதற்கு முன் ஆலைகள் பழுது பார்த்துக்கொள்ளும் ஆகஸ்டே பேசுவதற்கு உகந்தது. நேராக முதலாளியிடம் போகாமல், திட்டு வாங்கிக்கொண்டிருந்த கணக்கப்பிள்ளையிடம் போவது என்று அந்தப் பெண்ணே முடிவு செய்தார். கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அவருக்குப் பழக்கம். அவர் ஒரு வார்த்தை சொல்லி வைத்தார்.

கையில் கொண்டுபோனது தமிழில் எழுதிய ஒரு பக்கக் கடிதம். அதன் தொடக்கம் இப்படி இருந்தது: "ஐயா, நெல் ஊறவைத்த நீரைப் பற்றி உங்கள் ஆலைக்கு அருகிலுள்ள வயல்காரர்கள் குறை சொல்வதாகக் கேள்விப்பட்டேன். திருப்பூரில் மூன்றாண்டுகள் கழிவுநீரைச் சோதிக்கும் வேலையில் இருந்தேன். உங்கள் நீரை ஒரு வாரம் சோதித்து, எந்த இடத்தில் கெடுகிறது என்று எழுதிக் கொடுக்க என்னால் முடியும். இந்தப் பக்கத்தில் வேலையும் தேடிக்கொண்டிருக்கிறேன்." கடைசி வாக்கியத்தை வைப்பதா என்று எங்களுக்குள் பேச்சு எழுந்தது. வேலை கேட்க வந்ததை மறைத்து, தெரிந்துகொள்ள வந்ததாக மட்டும் சொல்லும்படி கற்பிப்பவர்கள் உண்டு. எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊர்களில் அது இரண்டே நாளில் வெளிப்பட்டுவிடும், நம்பிக்கையும் போய்விடும். வைத்தது சரியென்றே இன்றும் நினைக்கிறேன்.

கணக்கப்பிள்ளை கடிதத்தை இரண்டு முறை படித்தாராம். மறுநாளே முதலாளியைப் பார்க்க ஏற்பாடு செய்தார். முதலாளி கேட்ட முதல் கேள்வி, "வேலன்னு இங்க ஒண்ணும் இல்லியேம்மா, நீ என்ன செய்வ?" என்பது. அதற்கு அவர், "ஒரு வாரம் தண்ணிய அளந்து எழுதிக் குடுக்கறேங்கய்யா. ஒங்களுக்குப் பிரயோசனமா இருந்தா மேக்கொண்டு பேசலாம்" என்று விடை சொல்லியிருக்கிறார். வேதிப்பொருள்களுக்கும் வெளி ஆய்வகக் கட்டணத்துக்கும் போக, அந்த வாரத்துக்கு 1,500 ரூபாய் கேட்டு வாங்கும்படி நான் வற்புறுத்தியிருந்தேன். இலவசமாகச் செய்த வேலையை எவரும் வேலையாக எண்ணுவதில்லை.

அளந்தபோது நீரின் அமில காரக் குறியீடு 4.6 என்று வந்தது. வெளியேற்றும் நீருக்கு அது 5.5-க்கும் 9-க்கும் இடையில் இருக்க வேண்டும். உயிர்வேதி ஆக்சிஜன் தேவை ஆறு, வாய்க்கால் போன்ற நீர்நிலைகளில் விடும் நீருக்கு லிட்டருக்கு 30 மில்லிகிராமும், பாசனத்துக்கு நிலத்தில் பாய்ச்சும் நீருக்கு 100 மில்லிகிராமும் தாண்டக்கூடாது. வெளி ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்த மாதிரி இரண்டையும் வெகுவாகத் தாண்டியிருந்தது. எட்டுத் தொட்டிகளில் இரண்டில் மட்டும் இன்னும் பச்சைத் தண்ணீரில் ஒன்றரை நாள் ஊறப்போடுவதையும், மற்றவற்றின் நீரும் அதோடு கலந்து முழுவதும் புளிப்பதையும், வண்டல் படியும் குழி ஓராண்டாகத் தூர்வாரப்படாததையும் அவர் படம் வரைந்து காட்டினார். அந்த இரண்டையும் வெந்நீர் ஊறலுக்கு மாற்றுவது, குழியைத் தூர்வாருவது, சுண்ணாம்பு சேர்த்து அமிலத்தைத் தணித்த பிறகே காற்றூட்டும் தொட்டிக்கு விடுவது, அதன்பின் ஆலையின் தென்னந்தோப்புக்குப் பாய்ச்சுவது என்று நான்கு பரிந்துரைகளைத் தமிழில் எழுதிக் கொடுத்தார். வாரியம் ஏற்கும் அறிக்கையை அதற்கு உரிய ஆய்வகமே தர முடியும், தம் அளவுகள் அன்றாடக் கண்காணிப்புக்கு மட்டுமே என்பதையும் மறைக்காமல் எழுதியிருந்தார். இசைவாணையைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் நெருங்கிக்கொண்டிருந்த முதலாளிக்கு, அந்த வரி பிடித்துப்போயிற்று என்று கணக்கப்பிள்ளை பிறகு சொன்னார்.

பதவி உருவான விதம்

"மாசம் முழுக்க ஒனக்குக் குடுக்க எங்கிட்ட வேல இல்லியேம்மா" என்று முதலாளி சொன்னது உண்மை. ஓர் ஆலையின் நீருக்கு வாரம் இரண்டு நாள் போதும். இங்கேதான் குறிப்பேட்டின் மற்றப் பக்கங்கள் கை கொடுத்தன. அதே தொல்லை உள்ள வேறு இரண்டு ஆலைகளை அந்தப் பெண் முன்பே எழுதி வைத்திருந்தார். முதலாளியே அவர்களோடு தொலைபேசியில் பேசினார். செப்டம்பரில் ஓர் ஆலை, அக்டோபர் கடைசியில் மூன்று ஆலைகள், ஒவ்வொன்றுக்கும் வாரம் இரண்டு நாள், ஒவ்வொன்றிலும் மாதம் 6,000 ரூபாய் என்று அமைந்தது. மொத்தம் 18,000. திருப்பூரில் வாங்கியதைவிட 2,000 கூடுதல், அதுவும் வீட்டுச் சாப்பாட்டோடு.

வேலைக்குள் போன பிறகு அதன் வடிவம் விரிந்தது. அரசுக்கு அரைத்துக் கொடுக்கும் ஆலைகள் ஒரு குவிண்டால் நெல்லுக்குப் புழுங்கலில் 68 கிலோ அரிசி திருப்பித் தர வேண்டும். அப்போது உடைந்த அரிசி 16 விழுக்காட்டைத் தாண்டினால் கிடங்கிலிருந்து வண்டி திரும்பி வந்துவிடும். இரும்புச்சத்து முதலியவை சேர்த்துச் செறிவூட்டிய அரிசிமணிகளை நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலக்கவும் வேண்டியிருந்தது. ஏற்றுவதற்கு முன்பே மாதிரி எடுத்து, எண்ணி, எழுதி வைக்க ஓர் ஆள் தேவை என்பது ஆலைக்காரர்களுக்கு அப்போதுதான் விளங்கியது. உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் நிபந்தனைகளில் உற்பத்தியை மேற்பார்க்கத் தகுதியுள்ள ஒருவரை வைக்க வேண்டும் என்பதும், ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது பொருளைச் சோதிக்க வேண்டும் என்பதும் இருக்கின்றன. வேதியியல் பட்டம் அந்தத் தகுதிகளில் ஒன்று. இதை முதலாளிகளுக்குப் படித்துக் காட்டியதும் அந்தப் பெண்தான்.

பலிக்காதவை

38 பக்கங்களில் அவர் நேரில் போனது 14 இடங்களுக்கு. உட்கார வைத்துப் பேசியவர்கள் ஆறு பேர். ஓரிடத்தில் நான்கு நாள் சோதனை செய்யவைத்து, அறிக்கையை வாங்கிக்கொண்டு, பேசிய பணத்தைத் தராமல் விட்டுவிட்டார்கள்; அதன் பிறகு பாதித் தொகையை முன்னதாக வாங்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். வேறொருவர், தாம் சொன்னால் ஆலையில் வேலை நிச்சயம் என்று சொல்லி இரண்டு மாதச் சம்பளத்தைக் கேட்டார். அறிவிக்கப்படாத வேலை என்ற பெயரில் டெல்டாவில் நடக்கும் மோசடி பெரும்பாலும் இந்த உருவத்தில்தான் வருகிறது. பணம் கேட்கப்பட்டதுமே அந்தப் பக்கத்தைக் கோடு போட்டு அடித்துவிட வேண்டும். அவரும் அதைத்தான் செய்தார்.

வீட்டிலும் ஒரு தடை இருந்தது. ஆண்கள் மட்டும் வேலை பார்க்கும் ஆலை, கடைசிப் பேருந்து ஏழே முக்காலுக்கு. அம்மா சம்மதிக்க மூன்று வாரம் ஆயிற்று. ஐந்து மணிக்குமேல் இருக்கமாட்டேன் என்பதையும், கழிப்பறை வசதி வேண்டும் என்பதையும் முதல் நாளே முதலாளியிடம் பேசி முடிவு செய்தார். பதவியே தம்மால் உருவாகும்போது அதன் நிபந்தனைகளையும் தாமே எழுதிக்கொள்ள முடிகிறது என்பது இந்த வழியின் பெரிய நன்மை.

அதன் பெரிய குறை, காகிதம். வாயால் பேசிக் கிடைத்த வேலைக்குப் பணி நியமனக் கடிதம் தானாக வராது. வருங்கால வைப்பு நிதி 20 பேர் உள்ள நிறுவனங்களிலிருந்தும், தொழிலாளர் அரசுக் காப்பீடு 10 பேர் உள்ள இடங்களிலிருந்தும் பொருந்தும் என்றாலும், மூன்று இடங்களில் இரண்டிரண்டு நாள் வருபவரை எந்த ஆலை தன் பணியாளராகக் கணக்கிடுவது என்ற கேள்விக்கு யாரும் விடை சொல்ல முன்வரவில்லை. அப்பாவின் மருத்துவச் செலவை நினைத்தே காப்பீட்டை அவர் விரும்பினார். நான்கு மாதம் விடாமல் கேட்டதில் முதல் ஆலை நியமனக் கடிதம் கொடுத்துத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. இரண்டாவது ஆலை வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டது. மூன்றாவது எதுவும் தரவில்லை. சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடுவதற்கு மட்டும் ஒப்புக்கொண்டது.

2023-இல் ஆற்றில் தண்ணீர் போதாமல் அக்டோபர் 10 அன்று மேட்டூர் அணை மூடப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூன் 12 அன்று திறக்க முடியாமல், ஜூலை 28 அன்றுதான் திறந்தார்கள். நெல் வரத்துக் குறைந்தால் ஆலைக்காரர் முதலில் குறைப்பது காகிதத்தில் இல்லாத செலவை. மூன்றாவது ஆலை 2024 மார்ச்சோடு அவரை நிறுத்திக்கொண்டது. வருமானம் 12,000 ஆயிற்று. முதல் ஆலை, அரிசி மாதிரி பார்க்கும் வேலையையும் சேர்த்து மூன்றாவது நாளுக்கு அழைத்ததால் 15,000-க்கு ஏறியது.

குறிப்பேட்டை அவர் மூடவில்லை. சென்ற முறை பார்த்தபோது புதிதாக ஐந்து பக்கம் சேர்ந்திருந்தது. திருபுவனத்துச் சாயப்பட்டறைகள் இரண்டு, கும்பகோணத்தில் ஒரு பால் குளிரூட்டும் நிலையம், நாகப்பட்டினம் பக்கம் ஓர் இறால் கூடம், ஒரு திருமண மண்டபம். இறால் கூடத்துக்கு ஓய்வான மாதம் எது என்று கேட்டறிந்து எழுதியிருந்தார். அதன் எதிரே, நகரப் பேருந்தில் போய்ச்சேர முடியாது என்றும், செவ்வாய்க்கிழமை அப்பாவை இயன்முறை மருத்துவத்துக்கு அழைத்துப்போக வேண்டும் என்றும் பென்சிலால் குறித்திருந்தார்.